போடிக்குப் படிக்க வந்த கண்டிக்காரி

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்த வருடம் என்னை இலங்கையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் படிக்க அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்குத்தான். அது அப்பா ஒருவர் எடுத்த முடிவு. அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. அவரிடம் யாரும் கேட்கவுமில்லை. என்னிடம் கேட்கலாம் என்ற நினைப்பே அந்த வீட்டில் எவருக்கும் வந்திருக்காது.

அப்பா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்க்கிற வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் நான் நாலு மைல் நடந்து டவுனில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்குப் போனேன். அங்கே எல்லாம் இங்கிலீஷ். இரண்டு வருடத்தில் என் கையெழுத்து அச்சுப்போல ஆகிவிட்டது. அப்பா தோட்டத்து ஆபீசுக்கு எழுதும் கடிதங்களைக்கூட என்னை எழுதச் சொல்வார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்தால் வந்த வினையைப் பின்னால் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குப் போன எங்கள் ஆட்களுக்கு அங்கே ஓட்டு இல்லை, குடியுரிமை இல்லை. வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். அப்பா போட்டிருந்தார். அந்த நேரத்தில்தான் போடியிலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது. "இங்கே ஹைஸ்கூல் இருக்கிறது. என் மகளும் படிக்கிறாள். பிள்ளையை அனுப்பு" என்று எழுதியிருந்தார்.

"அங்க போயி படிப்ப முடிச்சிட்டு வா. அதுக்குள்ள நம்ம மனு முடிஞ்சிரும். வந்து இதே தோட்டத்துல டீச்சரா இரு" என்றார் அப்பா. அவருடைய திட்டத்தில் ஓட்டையே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. டீச்சர் என்ற சொல்லில் மயங்கிப்போய்க் கப்பலேறினேன்.

ஊருக்குப் போகிற ஒரு உறவுக்காரரோடு கப்பல், ரயில், பஸ் என்று மாறி மாறி வந்து போடியில் இறங்கினேன். மேற்கே மலை நின்றது. எங்கள் ஊர் மலை மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அடித்த காற்று அடுப்பிலிருந்து வந்தது போலிருந்தது. பெரியப்பா பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். அப்பாவின் அதே மூக்கு, அதே நடை. "வந்துட்டியா ஆத்தா" என்று என் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது.

வீட்டு வாசலில் பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"என்னடி இது காலுல?"

"சப்பாத்து" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பெரியப்பா மகள். என் வயதுதான். "சப்பாத்தாம்! எம்மா, பூட்சைச் சப்பாத்துங்கிறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் அந்தச் சொல் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹெட்மாஸ்டர் என் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே ஏழாவது படித்துக்கொண்டிருந்த என்னை இங்கே முதல் பாரத்தில், அதாவது ஆறாவதில், போட்டார். எனக்கு ஒரு வருடம் வீணாயிற்று. பெரியப்பா மகளும் முதல் பாரம்தான். அவள் ஏற்கெனவே ஒரு முறை தேறாமல் அதே பெஞ்சில் இருந்தாள். சேர்க்கைப் படிவத்தை நீட்டினார்கள். பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "நீயே எழுது ஆத்தா, உனக்குத்தான் எழுத்து நல்லா வருமே" என்றார்.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் தோட்டத்தின் பெயரை எழுதப் போனேன். பெரியப்பா என் கையைப் பிடித்தார்.

"சிலமலைன்னு போடு. நம்ம பூர்வீக ஊரு அதான. சிலோன்னு எழுதுனா ஆயிரம் கேள்வி கேப்பான். இன்னொரு தடவ வா, அந்தக் காகிதத்தக் கொண்டா, இந்தக் காகிதத்தக் கொண்டாம்பான். எனக்குச் சோலி கெடக்கு."

சிலமலை என்று எழுதினேன். நிரந்தர முகவரிக்குப் பெரியப்பா வீட்டு முகவரி. காப்பாளர், பெரியப்பா. எந்த நாட்டவர் என்ற இடத்தில் இந்தியா. ஒவ்வொரு எழுத்தையும் சுழித்து அழகாக எழுதினேன். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு, "பேஷ்" என்றார். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

வகுப்பில் என் பெயரை யாரும் கேட்கவில்லை. இலங்கையிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்கு ஒரே பெயர்தான். கண்டிக்காரி. அவ்வளவுதான். நாங்கள் இருந்த ஊருக்கும் கண்டிக்கும் வெகுதூரம் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "பாருடா, கண்டிக்காரிக்குக் கோவம் வருது" என்றார்கள். ரொட்டியைப் பாண் என்றால் சிரிப்பு. துண்டைத் துவாய் என்றால் சிரிப்பு. சாப்பிட உட்காரும்போது வேண்டுமென்றே என்னைப் பேசவைப்பார்கள். அதையும் பெரியப்பா மகள்தான் தொடங்கி வைப்பாள். "ஏ, அதச் சொல்லு, அதச் சொல்லு" என்று என் முதுகில் குத்துவாள். ஒரு மாதத்தில் நான் பேச்சையே குறைத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு பேர் வந்தது, ஊமைக் கண்டி.

பூகோள வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடிக்க மாட்டார். ஒரு நாள் இந்தியா படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, "கண்டிக்காரி, வா இங்க. உன் ஊரக் காட்டு" என்றார். நான் ஓடிப்போய்க் கீழே இருந்த தீவின் நடுவில் விரலை வைத்தேன். என் ஊரைப் பற்றி அந்த வகுப்பில் ஒருவர் கேட்டதே எனக்குச் சந்தோஷம்.

"அது உங்கப்பன் பொழைக்கப் போன ஊரு. உன் ஊரக் காட்டு."

எனக்கு விளங்கவில்லை. விரலை எடுக்காமல் நின்றேன்.

"போடி எங்க இருக்குன்னு காட்டு."

மதுரையைத் தேடினேன். கிடைக்கவில்லை. படத்தில் மலைகள் எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தன. அவர் பிரம்பு நுனியால் என் விரலைத் தள்ளிக்கொண்டே போனார். கடலைத் தாண்டி, ராமநாதபுரத்தைத் தாண்டி, மலையோரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "சொந்த ஊரு எங்க இருக்குன்னு தெரியாத புள்ள. இங்கிலீசு மட்டும் நல்லா வரும்" என்றார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று நான் சிரித்ததுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஆவணி பிறந்ததும் பெரியப்பாவின் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கத் தொடங்குவார்கள். மலைமேல் மலையாள எல்லையோரத்தில் சின்னதாக ஒரு தோட்டம். கூலிக்கு ஆள் போதவில்லை. ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற என்னிடம் பெரியப்பா சொன்னார்: "ஆத்தா, நாலு நாள் சோலி. மேல வந்து ஒத்தாச பண்ணு. உனக்கு மலை பழக்கம். எம்மவளுக்குக் குளுரு ஒத்துக்காது."

மலையடிவாரத்து முந்தல்வரை ஒரு லோடு ஜீப்பில் போய், அதற்கு மேல் நடந்தோம். நாலு நாள் பதினேழு நாளாயிற்று. பெரியப்பா மகள் கீழே வகுப்பில் இருந்தாள். நான் செடிக்கடியில் ஈர மண்ணில் குந்தி, தரையோடு படர்ந்த சரங்களில் பழுத்த காய்களாகப் பார்த்துப் பறித்துக் கூடையில் போட்டேன். நின்றுகொண்டு கொழுந்து பறிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இது குனிந்தே செய்கிற வேலை. இரண்டாம் நாள் இடுப்பு என்னுடையதாக இல்லை. காலில் ஏறிக் கடிக்கும் அட்டை மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். கொழுந்துக்கூடையைத் தூக்க வேண்டாம் என்றுதான் அப்பா என்னைக் கடல் தாண்டி அனுப்பினார். இங்கே வந்து ஏலக்காய்க் கூடையைத் தூக்கினேன்.

அங்கே காய் எடுக்க வந்திருந்த ஒரு மலையாளத்துப் பெண்பிள்ளை என் பக்கத்து வரிசையில் இருந்தார். பாதி தமிழ், பாதி மலையாளம் பேசுவார்.

"மோளே, நீ யாரு வீட்டுக் குட்டி?"

"ஓனர் தம்பி மக. சிலோன்லேருந்து படிக்க வந்திருக்கேன்."

அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "படிக்கான் வந்த குட்டி இவிட எதுக்கு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எடுத்த காய்களில் ஒரு கை அள்ளி என் கூடையில் போட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார்.

வருடத்துக்கு மூன்று முறை இப்படி மலைக்குப் போனேன். அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் இதைச் சொல்லவில்லை. கடிதத்தைப் பெரியப்பாதான் தபாலில் சேர்ப்பார். ஒட்டுவதற்கு முன் படித்துக் காட்டச் சொல்வார். "இங்கு எல்லோரும் சௌக்கியம். பெரியம்மா என்னை மகளைப் போல் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று படிப்பேன். பெரியம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆனாலும் படித்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. இங்கிலீஷில் நான்தான் முதல். கணக்கிலும் முன்னால் வந்துவிட்டேன். பெரியப்பா மகள் மூன்றாம் பாரத்தில் திணறினாள். முழுப்பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் என்னிடம் வந்தாள். முதல் முறையாகக் கெஞ்சும் குரலில் பேசினாள்.

"ஏ, இந்த இங்கிலீசு இலக்கணத்த மட்டும் சொல்லிக் குடுடி. பெயிலாயிட்டா அப்பா என்னய நிறுத்திருவாரு."

"எனக்கு உங்க தமிழ் வராதே. எப்படிச் சொல்லித் தர்றது?" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. திரும்பிப் போய்விட்டாள். எனக்கு இனித்தது. மூன்று வருடச் சிரிப்புக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். அவள் தேறவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அடுத்த தையில் பக்கத்துத் தேவாரம் ஊரில் ஒரு தோட்டக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். தாலி ஏறும்போது அவளுக்குப் பதினாறு வயதுகூட இல்லை. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பெரியம்மா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வந்த புள்ள படிக்குது, வீட்டுப் புள்ள போயிருச்சு" என்பார். அதில் பொய்யில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு முன்பே, நான் நாலாம் பாரம் சேர்ந்த புதிதில், அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மனுவை விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள். குடும்பம் முழுவதும் இலங்கையிலேயே நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "நீ அங்கே படிக்க மட்டுமே போயிருக்கிறாய், படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவாய் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சான்று வாங்கி அனுப்பு" என்று எழுதியிருந்தார்.

ஹெட்மாஸ்டரிடம் போனேன். "திரும்பிப் போவேன்னு நான் எப்பிடிம்மா சான்று குடுக்க முடியும்? ரிஜிஸ்தர்ல என்ன இருக்கோ அதத்தான் குடுப்பேன்" என்றார். என் சேர்க்கைப் படிவத்தையே எடுத்து, என்னையே நகலெடுக்கச் சொல்லி, கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். நகலெடுக்கும்போது எனக்கு ஏதாவது தோன்றியதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தோன்றியது. சிலமலை என்று எழுதும்போது கை ஒரு கணம் நின்றது. ஆனால் முத்திரை வைத்த காகிதம் என்றால் நல்லது என்ற எண்ணம் அப்போது எனக்கு. பதினைந்து வயது. நானே தபாலாபீசுக்குப் போய்ச் சேர்த்தேன். பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டாமல் நான் அனுப்பிய ஒரே தபால் அது.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்பாவின் எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. இங்கிலீஷில் இருந்த நகலை, முத்திரையை நம்பி, அப்பா அப்படியே நீட்டியிருக்கிறார். மனுவைத் தள்ளிவிட்டார்கள். மகள் இந்தியாவில் பிறந்தவள், அங்கேயே நிரந்தரமாக இருக்கிறாள் என்று பள்ளிக்கூடமே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆகவே இந்தக் குடும்பத்துக்கு இங்கே நிலைத்திருக்கும் எண்ணமில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம். நீ இங்கேதான் பிறந்தாய் என்று தோட்டத்துப் பதிவைக் காட்டியும் கேட்கவில்லை, பதிவில் ஒன்று பள்ளியில் ஒன்று என்றால் எதை நம்புவது என்று கேட்டார்களாம். கடைசியில் அப்பா எழுதியிருந்தார்: "அந்த அதிகாரி உன் கையெழுத்தை மெச்சினார்."

அப்பா அதைக் குத்தலாக எழுதினாரா, நிஜமாகவே பெருமைப்பட்டு எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு இரண்டும் வரும்.

நான் கடிதத்தோடு பெரியப்பாவிடம் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். படித்துச் சொன்னேன்.

"நீங்கதான சிலமலைன்னு எழுதச் சொன்னீங்க?"

"நல்லதுக்குத்தான ஆத்தா சொன்னேன். அன்னைக்கு அப்பிடி எழுதலேன்னா உன்னயச் சேத்திருப்பானா?"

"எங்கப்பா அங்க என்ன செய்வாரு இப்ப?"

"என்ன செய்வான், கெளம்பி வரட்டும். இங்க இல்லாத மண்ணா?" என்றார். சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்தார். தம்பி குடும்பத்தோடு வந்து நின்றால் சிலமலை நிலத்தில் ஒரு பாகம் கேட்பான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில், "அவசரப்பட்டு வர வேண்டாம்" என்று என்னையே எழுதச் சொன்னார்.

பெரியம்மா இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "எழுதுனது யாரு கை?"

என்னால் ஊருக்குத் திரும்பவும் முடியவில்லை. கப்பலேறும்போது எனக்குக் கொடுத்த, திரும்பி வரும் அனுமதிச் சீட்டு காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க அங்கே எழுதினால், நீ இந்தியப் பிரஜை என்று பதில் வந்தது. இங்கே படிப்புக்கான ஒரு உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்தபோது, நீ சிலோனிலிருந்து வந்தவள் என்று நிறுத்திவைத்தார்கள். இரண்டு பதிலையும் நான் ஒரே பெட்டியில்தான் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஆறாம் பாரம் படிக்கும்போது அப்பா வந்தார். ஒரு மாத அனுமதி. பயணத்துக்கு நாலு நாள், உறவுக்காரர்கள் வீடுகளுக்கு இரண்டு வாரம் போக, எங்களோடு பன்னிரண்டு நாள் இருந்தார். ஐந்து வருடத்தில் முன்பல் ஒன்று போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னத்தா, ஊர்ப் பேச்சு வந்திருச்சே" என்றார். அதில் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. நான் போடிக்காரி மாதிரிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து "சப்பாத்து" என்று வந்தபோது, யாராவது கேட்டுவிட்டார்களா என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் கவனித்தார்.

அண்ணனும் தம்பியும் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எனக்காக இல்லாவிட்டாலும் மனுவுக்காகவாவது. அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். ராசிங்காபுரத்தில் யானை இறங்கிச் சோளத்தை அழித்ததைப் பற்றிப் பேசினார்கள். இலையில் பெரியம்மா இரண்டாம் முறை குழம்பு ஊற்றியபோது அப்பா, "போதும் மதினி, ருசியா இருக்கு" என்றார்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அப்பா என் கையைப் பார்த்துவிட்டார். காய் எடுக்கிற பருவம். நகத்துக்கடியில் ஏலச்சாறு கறுத்துக் கிடந்தது.

"மலைக்குப் போறியா?"

"வருசா வருசம்."

"எழுதவே இல்லையே."

"எழுதுனா பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்."

அப்பா என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். "இன்னும் எட்டு மாசம்தான. முடிச்சிரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அந்த எட்டு மாதம் நான் எங்கே இருப்பேன் என்று யோசித்திருப்பார். இப்போது அது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. என் பக்கம் நிற்க இந்த உலகத்தில் ஆளே இல்லை என்று மட்டும் விளங்கியது.

அவர் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். பெரியப்பா, சோலி இருக்கிறதென்று வரவில்லை. பஸ் புறப்படும்முன் அப்பா ஜன்னலோரம் குனிந்து கேட்டார்.

"அம்மாவுக்கு என்ன சொல்லணும்?"

என்னென்னவோ இருந்தது. தினமும் நினைக்கிறேன் என்பதும், மலையில் மழை இறங்கும்போது நம் லயத்து வரிசை வீட்டின் தகரக் கூரைச் சத்தம் கேட்பது போலிருக்கும் என்பதும், என்னை அனுப்பாதே என்று நீ இன்னும் கொஞ்சம் அழுதிருக்கக் கூடாதா என்பதும். கோபம்தான் முந்திக்கொண்டது.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மார்க்கில் தேறினேன். பயிற்சி முடித்து டீச்சர் ஆனேன். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அல்ல, தேவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். பெரியப்பா மகளை ஒரு முறை அங்கே சந்தையில் பார்த்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை. என்னைப் பார்த்தாள், காய்கறிக் கூடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவும் அப்பாவும், நான் கப்பலேறியபோது கைக்குழந்தையாக இருந்த என் தம்பியும் பல வருடம் கழித்துக் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அங்கே பிழைப்பு இல்லாமல் போயிருந்தது. அம்மா என்னோடு இருந்தார். என்னைவிட என் சக டீச்சர்களிடம் அதிகம் பேசுவார். என்னிடம் பேசும்போது, "இதச் செய்யட்டுமா, அதச் செய்யட்டுமா" என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்வார், விருந்துக்கு வந்த வீட்டில் இருப்பது போல. அன்று பஸ் நிலையத்தில் நான் சொன்னதை அப்பா அப்படியே அவரிடம் சொன்னாரா, தானாக ஏதாவது சேர்த்துச் சொன்னாரா என்று கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. அம்மாவும் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.